கிழக்குச் சுவருக்கு ஓர் ஆள்

உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் தண்ணீர் தேங்குவதற்கு மழை காரணம் அல்ல, ஐயா. தரை போட்டவர் வாட்டத்தைச் சுவர்ப் பக்கமாகக் கொடுத்துவிட்டார். இந்தப் பக்கம் ஒரு விரல் கனத்துக்குச் சிமெண்டுப் பூச்சு ஏற்றினால் போதும், தண்ணீர் தானாகவே வாசலுக்கு ஓடிவிடும். அந்தக் கான்ஸ்டபிள் தினமும் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெளியே காத்திருந்தபோது கவனித்தேன், அதனால் சொன்னேன்.

டீக்கு நன்றி. ஆனால் இந்தக் காகிதத்தில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. மேஸ்திரி மோகன்ராஜ் சிமெண்டில் கலப்படம் செய்தார், அதனால் புயலில் சுவர் விழுந்து நடேசன் இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இறந்தவரின் நண்பன், தொழிற்பயிற்சி நிலையத்தில் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள். சாட்சி சொல்ல எனக்குத் தடை இல்லை. ஆனால் சுவர் விழுந்த விதம் அது அல்ல. கலவை நல்ல கலவை. சுவருக்கு மேலே போட்ட பீம் உடையாமல் ஒரே துண்டாகக் கீழே கிடந்ததை நீங்களும் வந்து பார்த்தீர்கள். கலப்படக் கான்கிரீட் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் புட்டு மாதிரி உதிர்ந்துவிடும். இது உதிரவில்லை. தெருவே சேர்ந்து கடப்பாரை போட்டு நெம்பித்தான் அதைப் புரட்டினோம்.

தப்பான காரணம் எழுதிய ஒரு காகிதம் கோர்ட்டுக் காகிதக் கட்டுக்குள் போய் உட்காருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எழுதுகிறவரை மெதுவாக எழுதச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கலாம். என் மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

முதலில் பெல்ட் என்றால் என்ன என்று தெரியவேண்டும். கூடை முடைவதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு நெருக்கமாகப் பின்னினாலும், வாயைச் சுற்றி ஒரு பட்டையை வளைத்துக் கட்டும்வரை அது கூடை ஆகாது. கையை வைத்து அழுத்தினால் நாலு பக்கமும் விரிந்துகொள்ளும். வாய்க்கட்டு ஏறிய பிறகு அதே கூடையில் நெல்லை நிரப்பித் தலையில் வைக்கலாம். வீடும் அப்படித்தான். செங்கல் சுவர் மேலிருந்து வரும் சுமையை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். பக்கத்திலிருந்து தள்ளினால் தாங்காது. அதனால் ஜன்னல் தலைக்கு மேலே நாலு சுவரையும் சுற்றி ஒரு கான்கிரீட் வளையம் போடுகிறோம். அதைத்தான் பெல்ட் என்கிறோம். அதற்குள் கம்பி ஓடும். அந்தக் கம்பி மூலையோடு நின்றுவிடக்கூடாது. வளைந்து அடுத்த சுவருக்குள் போகவேண்டும். அப்போது கிழக்கிலிருந்து காற்று அடித்தால் கிழக்குச் சுவர் தனியாக நிற்காது. வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். பூகம்பத்துக்கும் இதே கணக்குதான். அங்கே தள்ளுவது காற்று இல்லை, தரை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கம்பி இல்லாத பெல்ட், பார்ப்பதற்குக் கம்பி உள்ள பெல்ட் மாதிரியே இருக்கும். மேலே பூச்சு ஏறிவிட்டால், போட்டவனுக்கே கொஞ்ச நாளில் மறந்துவிடும்.

நடேசனும் நானும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் வீடுகள் அடுத்தடுத்த தெருவில் இருக்கின்றன. அவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு வார்ப்படக் கம்பெனியில் மோல்டிங்கில் இருந்தான். மூன்று ஷிப்ட், அதற்கு மேல் ஓவர்டைம். எண்பத்து நாலில் அவன் வீடு கட்டினபோது வரைபடம் போட்டது நான். கடைக்கால் தோண்டியதிலிருந்து கூரை ஏறும்வரை நின்று பார்த்ததும் நான்தான். இதற்காக அவனிடம் ஒரு டீகூட எதிர்பார்த்ததில்லை. "நீ பாத்துக்கோடா குமாரு" என்று சொல்லிவிட்டு அவன் கம்பெனி பஸ் ஏறிவிடுவான். அதே சமயத்தில் என் வீடும் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரே கொத்தனார் கூட்டம் இரண்டு இடத்திலும் மாறி மாறி வேலை செய்தது. ஏழு வருஷம் அந்த வீட்டில் ஒரு குறையும் அவன் சொன்னதில்லை.

போன அக்டோபரில் வடக்கே மலைப் பக்கம் பூகம்பம் வந்ததல்லவா. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடேசன் என் வீட்டுக்கு வந்தான். டிவிஎஸ் பிஃப்டியை ஸ்டாண்டுகூடப் போடவில்லை, உட்கார்ந்தபடியே பேசினான்.

"இன்னாடா, டிவி பாத்தியா? வூடுங்கல்லாம் அப்பளம் கணக்கா நொறுங்கிக் கீது."

"அது மலையடிவாரம்டா. நம்ம பக்கம் அந்த மாதிரி வராது."

"பூகம்பம் வராட்டி புயல் வரும். வருசா வருசம் ஐப்பசில ஒண்ணு வந்து நம்ம ஏரிக்கரை மேல ஏறிக் குந்திக்குது. அந்தக் கெழக்குச் சொவுரை மட்டும் கொஞ்சம் கெட்டி பண்ணிடலாம்னு கீறேன்."

"அந்தச் சுவருக்கு இன்னா வந்துச்சி?"

"ஒண்ணியும் இல்ல. காத்து அங்கதான மோதுது. புள்ள ரஞ்சனி கட்டிலு வேற அங்க கீது. நீ ஒரு நல்ல ஆளா பாத்துக் குடேன். உனக்குத் தெரியாத மேஸ்திரியா?"

"நான் கட்டின வூட்டுக்கு இன்னொருத்தனா?"

அவன் சிரித்தான். "உன்ன யாரு சட்டி தூக்கச் சொன்னது? எவனோ செய்யட்டும். நீ கூட நின்னு பாரு. உன் கண்ணு அந்த சொவுரு மேல இருந்தா எனக்குப் போதும்."

நான் பதினெட்டு வருஷமாக வாத்தியார், ஐயா. என்னிடம் படிக்கிற பையனின் அப்பா என்னிடமே வந்து, இவனுக்கு நல்ல ட்யூஷன் வாத்தியாராகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போன பிறகும் நான் கேட் பக்கத்திலேயே நின்றிருந்தேன். நாலு சுவரில் அந்த ஒரு சுவரை ஏன் சொன்னான் என்று யோசித்தேன். காத்து மோதுகிறது என்று அவனே சொன்னது நினைவுக்கு வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

இருந்தாலும் அவன் கேட்டதைச் செய்தேன். ஆள் தேட ஆரம்பித்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் கட்டட வேலைக்கு ஆள் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சித்தாள்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், மேஸ்திரிகள் பழைய வேலையை முடிக்க ஓடுவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்த ஒருவரை முதலில் கூட்டிவந்தேன். அவர் புல்லட்டை விட்டு இறங்காமலே வீட்டை ஒரு பார்வை பார்த்தார். "இத்த இடிச்சிட்டு மாடி வூடா கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நடேசன் மனைவி அம்சவல்லி வாசலில் நின்றிருந்தாள்.

"நல்ல ஆளைத்தான் புடிச்சீங்கண்ணா. தலைவலின்னு போனா தலையை எடுக்கச் சொல்றாரு."

அடுத்து வாலாஜாபாத்திலிருந்து பாண்டுரங்கன் வந்தார். பெரிய காண்ட்ராக்டர், பெரிய தொப்பை, கை நிறைய மோதிரம். தான் கட்டிய ரைஸ் மில் ஒன்றைப் பற்றி வாசலிலிருந்து கூடம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். சர்க்கரை வியாதி என்று சொல்லி டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். அம்சவல்லி தட்டில் வைத்த அதிரசத்தை மட்டும் விடவில்லை. பிறகு கிழக்கு அறைக்குள் போய்க் கரண்டியின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார்.

"சத்தம் நல்லாத்தான் கீது. ஆனா சத்தத்த நம்பி நான் கை வெக்கறதில்ல. எங்க வூட்டுல எம் பொண்டாட்டிக்கு இல்லாத சத்தமா? இந்த மூலையில ஒரு முழம் பூச்சு உரிச்சி, பெல்ட்டக் கொஞ்சம் கொத்திப் பாக்கணும். உள்ள கம்பி எப்படித் திரும்புதுன்னு கண்ணால பாத்தாத்தான் புதுக் கம்பிய அதோட கோக்க முடியும். உரிக்காம செய்யறதுன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

சரியான பேச்சு. என் வகுப்பில் ஒரு மாணவன் அப்படிச் சொல்லியிருந்தால் எழுந்து நிற்க வைத்து மற்றவர்களுக்குக் காட்டியிருப்பேன்.

நடேசன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"இன்னாடா குமாரு, உரிச்சிடலாமா? நீ சொல்லு."

"மழை நேரம். இப்ப உரிச்சா சுவருக்குள்ள தண்ணி இறங்கும்."

"தார்ப்பாய் கட்டிக்கினா எந்தத் தண்ணி எறங்கும்?" என்றார் பாண்டுரங்கன். இன்னொரு அதிரசம் அவர் கையில் இருந்தது.

அவர் போன பிறகு நடேசனிடம் சொன்னேன். இந்த ஆள் சின்ன வேலையைப் பெரிய வேலையாகக் காட்டுகிறவர், முதலில் ஒரு மூலை என்பார், பிறகு நாலு மூலையும் என்பார், கடைசியில் மாடி வீடு கட்டச் சொன்ன அந்த புல்லட்காரர் பரவாயில்லை என்று ஆகிவிடும் என்றேன். நடேசன் காலால் ஒரு செங்கல் துண்டைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"சரிடா. உனக்கு எது தோணுதோ அத செய்யி" என்றான்.

இந்த இடத்தில் கம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். பெல்ட் என்றால் என்ன என்று தெரியாமல் சொன்னால் உங்களுக்கு அது சின்ன விஷயமாகப் பட்டிருக்கும்.

எண்பத்து நாலில் ஒரு காலை, என் வீட்டுக்கு பெல்ட் போடவேண்டும். கொத்தனார்கள் வந்துவிட்டார்கள், ஜல்லி நனைத்தாகிவிட்டது, எனக்கு வரவேண்டிய கம்பி லோடு வரவில்லை. நடேசன் மனையில் அவன் கிழக்குச் சுவருக்கான கம்பி வெட்டித் தயாராக அடுக்கிக் கிடந்தது. அவன் கம்பெனியில் இருப்பான் என்று நினைத்தேன். நான் ஒரு மாட்டு வண்டியைக் கூப்பிட்டு அதை ஏற்றிக்கொண்டு போனேன். மறுநாள் என் கம்பி வந்ததும் திருப்பிவிடலாம் என்பதுதான் எண்ணம். மறுநாள் வந்த லோடும் எனக்குப் போதவில்லை. அதற்குள் நடேசன் வீட்டில் வேலை நின்றுவிடக்கூடாதே என்று கிழக்குச் சுவருக்கு வெறும் கான்கிரீட்டை ஊற்றச் சொன்னேன். நண்பர்களுக்குள் இது ஒரு கைமாற்று. நான் அதைத் திருட்டு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போதும் நினைக்கவில்லை.

ஆக, பாண்டுரங்கன் ஒரு முழம் பூச்சை உரித்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். வடக்குச் சுவரிலிருந்து வருகிற கம்பி மூலையோடு நின்றிருக்கும். கிழக்கே ஒன்றும் இருக்காது. அந்த ஆளுக்கு வாய் நீளம், உடனே அங்கேயே சொல்லிவிடுவார். நடேசன் திரும்பி என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று என்னால் வரைந்தே காட்ட முடியும், ஐயா. அவன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பார்வை வரக்கூடாது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் தேடியது வேறு மாதிரியான ஆளை. வேலை தெரிந்திருக்கவேண்டும், நடேசனுக்கு நம்பிக்கை வரவேண்டும். ஆனால் உரித்துப் பார்க்கக்கூடாது. படப்பையில் புது மனைகளில் வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்த மோகன்ராஜ் நினைவுக்கு வந்தான். நான் அவனுக்கு இரண்டு வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். இப்போதும் என்னைக் கண்டால் பைக்கை நிறுத்திவிட்டுத்தான் பேசுவான். சுறுசுறுப்பான ஆள், கலவையில் ஏமாற்றமாட்டான். அதை நான் திரும்பத் திரும்பச் சொல்வது நீங்கள் எழுதிக்கொள்ளத்தான்.

சுவரைப் பார்த்ததும் அவனும் சரியான கேள்வியைத்தான் கேட்டான்.

"சார், மூலைய உரிச்சி பழைய கம்பியோட சேக்கணும்ல? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"பழைய பெல்ட் நான் போட்டதுப்பா. மூலையில கம்பி நல்லாத் திரும்பியிருக்கு. கூரை ஷீட்டைக் கழட்டிட்டு, சுவர் மேல புதுசா ஒரு பீம் போடு. அது போதும்."

"நீங்க போட்டதுன்னா அப்புறம் அப்பீலே இல்ல சார்."

அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. அவனை நீங்கள் உள்ளே வைத்து விசாரித்தபோது அவன் இதைச் சொல்லவில்லை என்று ஏட்டையா சொன்னார். வாத்தியார் பெயரை இழுக்கவேண்டாம் என்று நினைத்திருப்பான். பையன் நல்லவன். படிக்கும்போதும் அப்படித்தான், பக்கத்தில் இருப்பவன் செய்த தப்புக்கு எழுந்து நிற்பான்.

இப்போது அந்த பீம் என்ன செய்யும் என்று பாருங்கள். மூலையில் கோக்காத பீம் பெல்ட் ஆகாது. அது சுவரின் தலையில் ஏற்றிய சுமை. தலையில் பாரம் இல்லாத ஆளை லேசாகத் தள்ளினால் ஒரு அடி எடுத்து வைத்து நின்றுகொள்வான். தலையில் மூட்டை இருந்தால், இடுப்பு கொஞ்சம் வளைந்ததுமே மூட்டை அவனை இழுத்துக்கொண்டு போய்விடும். ஏழு வருஷம் நின்ற சுவர் வெறும் ஷீட்டைச் சுமந்துகொண்டு இன்னும் ஏழு வருஷம்கூட நின்றிருக்கலாம். அதைக் கெட்டிப்படுத்துகிறோம் என்று அதன் தலையில் நாங்கள் பாரத்தை ஏற்றினோம். இது எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஒவ்வொரு வருஷமும் சாக்கட்டியில் படம் போட்டுப் பிள்ளைகளுக்கு விளக்குகிற விஷயம் இது.

தீபாவளி முடிந்ததும் கான்கிரீட் போட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முதல் சட்டிக் கான்கிரீட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, வீட்டுக்காரர்தான் தன் கையால் கொட்டவேண்டும். அது வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கிற உரிமை இல்லை. அம்சவல்லி தட்டோடு நின்றாள். ரஞ்சனி ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏணிக்குப் பக்கத்தில் சட்டி தயாராக இருந்தது. நடேசன் ஒரு புதுத் துண்டை எடுத்துவந்து என் தோளில் போட்டான்.

"நீ கொட்டுடா."

"வூட்டுக்காரன் நீ. நீதான் கொட்டணும்."

"நான் வூட்ல குடியிருக்கறவன். கட்னது நீ. உங் கையால வுழட்டும், அப்பத்தான் எனக்கு மனசு ஆறும்."

கொத்தனார்கள் சிரித்தார்கள். மோகன்ராஜ் கை தட்டினான். "ஏறுங்கண்ணா, இவரு இப்பத்தான் துண்டு குடுத்துக் கீறாரு, அப்பால மனசு மாறிடப் போறாரு" என்று அம்சவல்லியும் சொன்னாள். நான் ஏணியில் ஏறினேன். மேலே நின்று பார்த்தபோது புதுக் கம்பி இரண்டு முனையிலும் மூலைக்கு வந்து, அங்கேயே நின்றுபோயிருந்தது தெரிந்தது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். கம்பியை நீட்டி அடுத்த சுவருக்குள் வளைக்க அரை நாள் வேலை. ஆனால் ஏன் வளைக்கவேண்டும், அங்கே ஏற்கெனவே இருக்கிறது என்றீர்களே என்று மோகன்ராஜ் கேட்பான். கீழே இத்தனை பேர் நிற்கிறார்கள். நான் சட்டியை வாங்கிக் கொட்டினேன்.

அந்தத் துண்டை ஒரு மரியாதை என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலையை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு, பெயரை மட்டும் எனக்கு வைத்துவிட்டான் என்று தோன்றியது.

பிறகு புயல். ரேடியோவில் முந்தின நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் கம்பெனி பஸ் வரவில்லை. கூட்டுரோடு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய நடேசன், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு என் வாசலில் நின்றான். அப்போதே ஏரிப் பக்கமிருந்து காற்று ஏறிவிட்டது.

"டேய், புள்ளைய வெச்சிக்கினு எந்த ரூம்ல குந்திக்கறது? கூடத்துலயா, கெழக்கு ரூம்லயா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இருந்தது. கூடத்துக்கு நாலு பக்கமும் பெல்ட் ஒழுங்காக இருக்கிறது, கம்பியோடு. அங்கே உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் நான் கூடம் என்று சொன்னால், அப்புறம் எதுக்குடா அந்த ரூமை கெட்டி பண்ணோம் என்று அவன் கேட்பான். கேட்காமல் இருக்கமாட்டான், யாராக இருந்தாலும் கேட்பார்கள். கேட்டால் கம்பியைச் சொல்லவேண்டிவரும்.

"கிழக்கு ரூம்ல இரு. புதுசா பீம் போட்டிருக்கோம்ல" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நிம்மதியாகத்தான் போனான். திரும்பி நின்று, உன் வூட்டு ஜன்னலை நல்லா சாத்திக்கோ என்று வேறு எனக்குச் சொன்னான்.

மத்தியானம் சுவர் விழுந்தது. அது விழுந்த விதத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் கிடந்த விதத்தைப் பார்த்தேன். அதிலிருந்து சொல்லமுடியும். முதலில் ஷீட்டுகள் பறந்திருக்கின்றன. காற்று சுவரின் நடுப்பகுதியை உள்ளே தள்ளியிருக்கிறது. சுவர் இடுப்பில் வளைந்ததும் மேலிருந்த பீம் உள்பக்கமாகச் சாய்ந்து, ஒரே துண்டாக இறங்கியிருக்கிறது. இரண்டு முனையிலும் கம்பி ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. கட்டில் பீமுக்கு நேர் கீழே இருந்தது. நடேசன் கட்டிலின் மேல் ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தான் என்று அம்சவல்லி பிறகு சொன்னாள். ரஞ்சனி பசிக்கிறது என்று அழுததால் அம்சவல்லி அவளைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குக் கஞ்சி காய்ச்சப் போயிருந்தாள். அடுப்பங்கரைக்கு பெல்ட் இருக்கிறது. அந்தக் குழந்தை பசியால்தான் தப்பித்தது, வேறு எதனாலும் அல்ல. அவர்கள் மூன்று பேரும் உள்ளே இருக்கட்டும் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொல்லவேண்டும் என்று நான் முதலில் நினைக்கவில்லை. காற்றடித்தது, சுவர் விழுந்தது என்று அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். காரியம் முடிந்த அன்று சாயங்காலம் அம்சவல்லி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மோகன்ராஜைத் திட்டினாள். மண்ணை வாரித் தூற்றுகிற அளவுக்குத் திட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாதுண்ணா, அவுருக்கு எல்லாம் தெரியும். அந்தக் கம்பிய நீங்க வண்டில ஏத்திக்கினு போனப்ப அவுரு செகண்ட் ஷிப்ட்டு. கூட்டுரோட்டு டீக்கடைல குந்திக்கினு பாத்துக்கினே இருந்தாராம். நாந்தான் கேளுங்க கேளுங்கன்னு சண்ட போடுவேன். 'கேட்டா அவன் மூஞ்சி செத்துடும்டி. அவனுக்கே ஒரு நாளு தோணும், அவனே சரி பண்ணுவான்'னுவாரு. டிவில அந்த வூடுங்களப் பாத்தப்புறம்தான் பயந்து போயி உங்கள்ட்ட வந்தாரு. அப்பக்கூட கம்பி பேச்ச எடுக்கக் கூடாதுன்னு எனக்குச் சத்தியம். நீங்க ஏணி மேல ஏறி மொத சட்டி கொட்னீங்க பாருங்க, அன்னிக்கு ராத்திரி எங்கிட்ட சொன்னாரு, 'குமாரு சரி பண்ணிட்டான், இனிமே அந்த சொவுரப் பத்திக் கவல இல்ல'ன்னு. நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க. அந்தப் பாவி மேஸ்திரிதான் எங்களுக்குத் துரோகம் பண்ணிட்டான்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைப் பார்க்கவில்லை. விழுந்த சுவருக்கு மேலே தெரிந்த வடக்குச் சுவரின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டு, வளைவதற்குத் தயாராக இருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, ஐயா. இறந்தவனுக்காக என்று நீங்கள் நினைக்கலாம். அதுவும் இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஏழு வருஷம் அவன் என் வீட்டுக்கு வந்திருக்கிறான். என் வீட்டுக் கூடத்தில், அந்த பெல்ட்டுக்குக் கீழே உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டிருக்கிறான். தன் கம்பி என் சுவருக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே சிரித்துப் பேசியிருக்கிறான். "அந்தச் சுவருக்கு இன்னா வந்துச்சி?" என்று நான் கேட்டபோது ஒன்றும் இல்லை என்று என் முகத்துக்கு நேராகப் பொய் சொல்லியிருக்கிறான். நல்ல ஆளாகப் பார் என்றான், உரிக்கலாமா என்றான், துண்டு போட்டான். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியாமல் எனக்கு ஒரு பரீட்சை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஒரே நாளில் சரிசெய்து கொடுத்திருப்பேன். அவன் வாயைத் திறக்காததால்தான் நான் இவ்வளவும் செய்யவேண்டியிருந்தது.

என் வீட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. வேண்டுமானால் வந்து பாருங்கள். கம்பி மூலையில் எப்படித் திரும்பவேண்டும் என்பதை அங்கே காட்டுகிறேன்.

இந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதுங்கள், அதில் கையெழுத்துப் போடுகிறேன். மோகன்ராஜை வீட்டுக்கு அனுப்புங்கள். கம்பியை எடுத்தது நான். பாண்டுரங்கனைத் திருப்பி அனுப்பியது நான். அந்த பீமைத் தெரிந்தே போடச் சொன்னதும், புயலன்று அதற்குக் கீழே போய் உட்காரச் சொன்னதும் நான். என் பெயர் குமாரவேல். துரோகம் செய்தவர் யார் என்று எழுத அதில் ஓர் இடம் இருந்தால், அங்கே மட்டும் நடேசன் என்று எழுதுங்கள்.